மூன்றாம் முரசு

ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ரோஷம் அதிகமாகவும் இருந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது ஒரு பெரிய ஆற்றின் வடகரையில் மூன்று சின்ன நாடுகள், தென்கரையில் மூன்று சின்ன நாடுகள். உலகம் என்றாலே அவ்வளவுதான் என்று அந்த ஜனங்கள் நினைத்திருந்தார்கள்.

வடகரை ராஜாக்கள் மூவரும் ஒரு சத்தியம் செய்துகொண்டார்கள். ஒருவர் போர்முரசு கொட்டினால் மற்ற இருவரும் கொட்ட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டால் நட்புக்கு இழுக்காம்! இதைக் கண்டு பயந்த தென்கரை ராஜாக்களும் அதே சத்தியத்தைச் செய்தார்கள். அப்புறம் என்ன? இவர்கள் நூறு வேல் வடித்தால் அவர்கள் இருநூறு. அவர்கள் இருநூறு வடித்தால் இவர்கள் முந்நூறு. கேட்டால் எல்லாம் தற்காப்புக்குத்தானாம்.

வடகரையின் மூன்றாம் நாட்டில் முரசடிப்பவன் சேந்தன். அவன் மகன் கீரன் இந்தக் கரைப் படையில் வில்லாளி. மகள் நல்லினியை எதிர்க்கரையில் கட்டிக்கொடுத்திருந்தான். மருமகன் அங்கே வேல்வீரன். அவனுடைய மூன்றாம் முரசு ஒலித்தால்தான் தென்கரைக்குக் கேட்கும். உடனே அங்கேயும் முரசுகள் கிளம்பும். மகனும் மருமகனும் எதிரெதிரே நிற்க வேண்டியதுதான்.

"சாமி, என் காலம் முடிகிற வரைக்கும் இது சும்மாவே கிடக்கட்டும்" என்று தினமும் கும்பிட்டுக்கொண்டே முரசைத் துடைப்பான்.

ஒரு நாள் காலை, முதல் நாட்டுப் பட்டத்து யானை ஆற்றைக் கடந்து தென்கரைக் கரும்புத் தோட்டத்தில் புகுந்தது. தோட்டக்காரன் ஒரு கல்லை விட்டெறிந்தான். யானையின் காது லேசாகக் கிழிந்தது.

"என் யானையின் காதில் ரத்தமா!" என்று தாம்தூம் என்று குதித்தார் ராஜா.

முதல் முரசு முழங்கியது. அது ஓய்வதற்குள் இரண்டாம் முரசும் முழங்கியது.

சேந்தன் கோலை எடுத்தான். கீழே வைத்தான். மறுபடி எடுத்தான்.

"அடி!" என்றான் காவல்தலைவன்.

"என்ன சேதின்னு ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துடறேன் ஐயா."

"கேட்கிற வழக்கம் இல்லை. அடி!"

"என் பிள்ளைங்க ரெண்டு கரையிலயும் இருக்காங்க ஐயா!"

"அந்த முரசு ஓய்வதற்குள் இது ஒலிக்காவிட்டால் உன் தலை இருக்காது."

வாள் கழுத்தில் பட்டது. சேந்தன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தான். மூன்றாம் அடி விழும் முன்பே எதிர்க்கரையில் பதில் முரசு கேட்டது.

மூன்று வருஷம் போர் நடந்தது. முதல் வருஷம் வீரர்கள் செத்தார்கள். இரண்டாம் வருஷம் உழ ஆளில்லாமல் பஞ்சம் வந்தது. மூன்றாம் வருஷம் ஊர் ஊராகக் கொள்ளைநோய். கீரன் ஆற்று மணலில் விழுந்தான். அவனுக்குப் பத்தடி தள்ளி மருமகன் விழுந்தான். யானைக்கோ மூன்றே நாளில் காது ஆறிவிட்டது!

கடைசியில் சண்டை போடவும் ஆளில்லாமல் ராஜாக்கள் சமாதானம் பேசினார்கள். மறுநாளே படகேறி வந்தாள் நல்லினி. அழவில்லை, ஏசவில்லை.

"எதுக்காக அடிச்சீங்க அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

சேந்தனை வெட்கம் பிடுங்கித் தின்றது. "இரும்மா, கேட்டுட்டு வரேன்" என்றான்.

பொழுது விடிந்ததும் கிளம்பினான். இரண்டாம் நாட்டு முரசுக்காரனைக் கேட்டான். "முதல் முரசு கேட்டுச்சு, அடிச்சேன்" என்றான் அவன். முதல் நாட்டு முரசுக்காரனைக் கேட்டான். "ராஜா சொன்னாரு, அடிச்சேன்" என்றான் இவன். ராஜாவையே போய்க் கேட்டான்.

"பெரிய அவமானம் ஒன்று நடந்தது. என்ன அது?" என்று ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி கூரையைப் பார்த்தார்.

வாசலில் நின்ற யானைப்பாகன்தான் சொன்னான். "ஒரு கல்லடி. இதோ, இந்தக் காதுலதான்." பக்கத்தில் யானை சாவகாசமாகக் கரும்பு தின்றுகொண்டிருந்தது.

சேந்தன் திரும்பி வந்தபோது சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை. நல்லினி முரசடியில் காத்திருந்தாள். யானைக் கதையைச் சொன்னான்.

"கேட்டுட்டு வர ஒரு காலைப்பொழுதுதாம்மா ஆச்சு!" என்று சொல்லி, அந்த முரசின்மேலேயே விழுந்து ஓவென்று அழுதான்.

ஏன் என்று கேட்கப் பொறுமையில்லாமல் போருக்குக் கிளம்புகிறவர்கள், தங்களுக்கே தெரியாத காரணத்துக்குத் தங்கள் பிள்ளைகளைப் பலி கொடுக்கிறார்கள்.