ஏழாம் பெட்டியின் கதவு

கரிசல் காட்டில் நாற்பது பேட்டரிப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு லாரி அளவு. பகல் வெயிலில் கிடைத்த மின்சாரம் அவற்றுக்குள் இருந்தது.

தீயணைப்பு நிலைய அலுவலர் சவரிமுத்துவுக்கு வயது ஐம்பத்தாறு. பேட்டரித் தீ பற்றி அவருக்குப் பாடம் நடத்த வந்த ஷமீமாவுக்கு முப்பத்தெட்டு. புகையும் பெட்டியின் கதவைத் திறக்கவே கூடாது என்றார் ஷமீமா. வகுப்பில் சவரிமுத்து கேட்டது ஒரே கேள்விதான்.

“கதவைத் திறக்காம உள்ள எரியுற நெருப்பை எப்படி டீச்சர் அணைக்க?”

“கேள்வியைப் பத்திரமா வச்சிருங்க, அண்ணாச்சி.”

பதினோரு நாள் கழித்து, மதியம், ஏழாம் பெட்டியின் இடுக்கில் வெள்ளைப் புகை கசிந்தது. சவரிமுத்து கடப்பாரையோடு முன்னால் நடந்தார். அவர் நிலையத்தில் அதுதான் முறை. கதவை நெம்புவது அதிகாரி, தண்ணீர் அடிப்பது மற்றவர்கள்.

கதவுக்கு ஆறடி இருக்கும்போது வாக்கி-டாக்கியில், தள்ளி நின்ற ஷமீமாவின் குரல் வந்தது.

“கடப்பாரையை அங்கேயே போடுங்க. பக்கவாட்டுல விலகி வாங்க.”

“உள்ள எரியுது டீச்சர்.”

“உள்ள பூரா வாயு. வெளிக்காத்து உள்ள போச்சுன்னா வெடிக்கும். வாங்க.”

முப்பத்தொரு வருடத்தில் அவர் எந்தக் கதவையும் திறக்காமல் திரும்பியதில்லை. கடப்பாரையைப் போட்டார். வந்தார்.

ஆறாம், எட்டாம் பெட்டிகள் மேல் தண்ணீர் அடிக்கச் சொன்னார் ஷமீமா.

“நல்லாருக்கு. காய்ச்சல் ஒருத்தனுக்கு, ஊசி அடுத்தவனுக்கா?”

“இவனுக்குப் பால் ஊத்தியாச்சு, அண்ணாச்சி. அவங்க ரெண்டு பேரையும் பாருங்க.”

இருபது நிமிடத்தில் ஏழாம் பெட்டி தானே வெடித்தது. இரும்புக் கதவு காகிதம்போல் பறந்து, வேலி தாண்டிச் சோளக்காட்டில் விழுந்தது.

அதன் பிறகுதான் தீ வந்தது. வெளிக்காற்றுக்குக் காத்திராத தீ. எரிய வேண்டிய காற்றைத் தன்னிடமே வைத்திருந்தது. சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் மாலை புகை நின்றது. ‘தீ அணைக்கப்பட்டது’ என்று எழுதப் பதிவேட்டைத் திறந்தார் சவரிமுத்து. ஷமீமா வெப்பக் கேமராவை நீட்டினார். கருகிய பெட்டிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி விழித்திருந்தது.

சவரிமுத்து பேனாவை மூடினார். இன்னும் மூன்று நாள் காவல் இருந்தார்கள்.

புள்ளியும் மறைந்த அதிகாலையில் கடப்பாரையைத் தேடினார். போட்ட இடத்தில் இல்லை. ஐம்பதடி தள்ளி, கம்பிவேலியில் செருகி நின்றது. அதைப் பிடுங்கிக்கொண்டு ஷமீமாவிடம் வந்தார்.

“டீச்சர், என் கேள்வி அப்படியே இருக்கு. அதுவா எரிஞ்சுது, அதுவா அடங்கிச்சு. நாம எங்க அணைச்சோம்?”

ஷமீமா அவரை எட்டாம் பெட்டியிடம் கூட்டிப் போனார். ஏழாம் பெட்டியைப் பார்த்த பக்கம் பெயின்ட் பொசுங்கி உரிந்திருந்தது.

“கை வச்சுப் பாருங்க.”

வைத்தார். இரும்பு ஜில்லென்று இருந்தது.

“அணைச்சது இதை, அண்ணாச்சி.”

சவரிமுத்து கையை எடுக்கவில்லை.