வளைகாப்புப் படம்

கோயம்புத்தூர் ஆபீசில் ரெஜினாவை எல்லோரும் ‘குருவம்மா’ என்பார்கள். பாதி கிண்டல், பாதி நிஜம். வயசு முப்பத்தாறுதான். ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

அவளிடம் வேலை பழகும் நன்மாறன் அன்று காலை பேயறைந்த முகத்தோடு வந்து நின்றான். குடும்பங்கள் தங்கள் படங்களைச் சேர்த்துவைத்துப் பகிர்ந்துகொள்ள ஒரு ஆப் வடிவமைத்திருந்தான். திங்கட்கிழமை வெளியீடு. அதற்கு முன் தன் சொந்தக்காரர்களையே அதில் சேர்த்துவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, பெரிய தப்பு நடந்துபோச்சு.”

“உட்காரு. என்ன ஆச்சு?”

“‘போன வருஷம் இதே நாள்’னு ஆப் தானாவே ஒரு படத்தை எடுத்து எல்லாருக்கும் அனுப்பும். நேத்து என் தங்கச்சி பூவிழியோட வளைகாப்புப் படம் போயிருக்கு.”

“போனா?”

“அந்தக் குழந்தை பிறந்த அன்னிக்கே இறந்துடுச்சுக்கா. மலேசியாவுல இருக்கற பெரியம்மாவுக்கு விஷயமே தெரியாது. ‘குட்டிக்கு என்ன பேர் வச்சீங்க’ன்னு அத்தனை பேர் பார்க்கக் கேட்டுட்டாங்க. அதுலேர்ந்து பூவிழி போனை எடுக்கல.”

ரெஜினா தன் லேப்டாப்பை மூடிவைத்தாள்.

“மரணம், ஆஸ்பத்திரின்னு இருந்தா அனுப்பாதேன்னு தடை வச்சிருந்தேன். வளைகாப்பு நல்ல விஷயமாச்சே! எது வலிக்கிற படம்னு ஆப் எப்படிக்கா கண்டுபிடிக்கும்?”

“உன் போனைத் திறந்து கொடு.”

கொடுத்தான். அவள் நேரே ஹாலுக்குப் போய், அங்கிருந்த பெரிய டிவியில் அதை இணைத்தாள். அவனுடைய படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. ஒரு படத்தில் நிறுத்தினாள். பழனியில் நன்மாறனும் அவன் அப்பாவும். இருவருக்கும் மொட்டை, தலை நிறையச் சந்தனம், வாய் கொள்ளாத சிரிப்பு.

“மொட்டை சூப்பர் மாப்ளே!” என்று யாரோ விசிலடித்தார்கள்.

நன்மாறன் பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினான்.

“ஏன்டா? ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுதானே இருக்கீங்க?”

“அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குத்தான்கா தெரியும்!” குரல் உடைந்துவிட்டது. “போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டிருக்கலாம்” என்றாள் ரெஜினா.

அவன் பிடுங்கிய ஒயரைச் சுருட்டி டிவி பக்கத்தில் வைத்தான்.

“தானா அனுப்பறதை எடுத்துடறேன்கா. திங்கட்கிழமை வெளியிட முடியாது.”

“முடியாட்டிப் போகட்டும்.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்து போனில் வேகவேகமாக ஏதோ தட்ட ஆரம்பித்தான்.

“என்ன எழுதற?”

“சொந்தக்காரங்க எல்லாருக்கும். நடந்ததை விவரமா சொல்லிடறேன்கா. இனிமே ஒருத்தரும் வாய் தவறிக்கூட அவகிட்ட குழந்தையைப் பத்திக் கேட்க மாட்டாங்க.”

“பூவிழியைக் கேட்டியா?”

விரல் நின்றது.

“அவதான் போனையே எடுக்க மாட்டேங்கறாளே! நான் என்னதான் பண்றது?”

“அவ வீடு எங்க?”

“பொள்ளாச்சி.”

“பஸ் ஓடுதில்ல?” என்றாள் ரெஜினா.