மூலைத்தூண்

ரங்கவிலாஸ் வணிக வளாகம் ஐந்தே நொடிதான் குலுங்கியது. காலை பதினொரு மணி. வளையல் கடையில் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. மூன்று மாடிகளிலும் இருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு சாலைக்கு ஓடிவந்தார்கள்.

சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

நிலநடுக்கத்தைத் தாங்கும்படி அந்தப் பழைய கட்டடத்தைப் பலப்படுத்த வந்திருந்தவர் பொறியாளர் மரகதவல்லி. நாற்பது வயதில் அவரிடம் தொழில் கற்க வந்தவர் தாவூத். தரைத்தளத் தூண்களைக் கொத்தி, புதுக்கம்பி கட்டி, பருமனாக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் கடைகளை மூடவேண்டும். வியாபாரிகள் மசியவில்லை.

சங்கத் தலைவர் குணசீலன் வாசலில் தாவூதை மறித்தார்.

"பாத்தீங்கல்ல? ஆட்டியே பாத்தாச்சு. அசையல. இதப் போய் உடைக்கோணும்கறீங்க!"

"அதானே!" என்றது கூட்டம். ஒவ்வொருவராக உள்ளே திரும்பத் தொடங்கினார்கள். தாவூத் தடுக்கவில்லை. அவர் மனதிலும் அதேதான் ஓடியது.

"மேடம், கட்டடம் தாங்கிடுச்சுங்களே. நம்ம கணக்கு தப்புங்களா?"

மரகதவல்லி உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மூலைத்தூணுக்குப் போனார்.

"மத்தவங்க வெளிய நில்லுங்க. தாவூத், நீங்க மட்டும் வாங்க."

தாவூதின் கால்கள் தயங்கின. தலைக்கு மேல் மூன்று மாடிகள். போனார்.

மேல்பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே துருவேறிய கம்பிகள் தெரிந்தன. அவற்றைச் சேர்த்து இறுக்கும் வளையங்கள் சாணுக்கு ஒன்றாவது இருந்திருக்க வேண்டும். தாவூத் விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு முழத்துக்கு ஒன்றுகூட இல்லை.

வாசலிலிருந்து குணசீலன் எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது, பிடிவாதம் இறங்கவில்லை.

"இருக்கட்டும்ங்க. இதே தூணை வெச்சுத்தான் கட்டடம் முப்பத்தெட்டு வருஷமா அசையாம நின்னுச்சு."

தாவூத் மரகதவல்லியின் முகத்தைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு வருஷமா அசையாம நின்னது தரைங்க," என்றார் அவர். "இன்னைக்கு அதும் அசைஞ்சிருச்சு, அஞ்சே நொடி."

தாவூத் வாசலுக்குப் போய், உள்ளே வரப்பார்த்தவர்களுக்குக் குறுக்கே கைகளை விரித்து நின்றார்.