திங்கட்கிழமைத் தலைவலி

முதலில் தப்பு செய்தவன் மேஸ்திரி சடையப்பன். கதையை எங்கே தொடங்கினாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கருமலைக் கல்குவாரியில் வெடி கெட்டிக்கிறவர் அங்கமுத்து. பாறையில் துளை போட்டு முடித்ததும், மருந்துக் குச்சிகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, மரக்கம்பால் மெல்ல அழுத்தி வைப்பது அவர் வேலை. அந்தக் காலத்துக் குச்சிகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கனிந்து கறுத்த வாழைப்பழம் போல ஒரு தித்திப்பு வாசனை அடிக்கும்.

வயது ஐம்பத்திரண்டு. கள்ளோ சாராயமோ அவர் நாக்கில் பட்டதில்லை. ஆனால் திங்கட்கிழமை வந்தால் போதும். பத்து மணிக்கு இடது கண்ணில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஆடும். பதினோரு மணிக்கு இடது நெற்றிப் பொட்டில் சம்மட்டி விழும். மதியம் வாந்தி. செவ்வாய்க்கிழமை பரவாயில்லை. புதன்கிழமை ஆள் பழையபடி.

சடையப்பன் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தான். மாசித் திருவிழாக் கூட்டத்தில், ஊரே உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை லீவு. லீவுன்னா குடி. திங்கட்கிழமை தலைவலி. இதைக் கண்டுபிடிக்க டாக்டரா வேணும்? இந்தத் தோள்லயா அம்மனைத் தூக்குறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மன் பல்லக்கின் முன்பக்க வலது கொம்பைத் தோளில் சுமக்கும் உரிமை அங்கமுத்துவுக்கு அன்றோடு போயிற்று. அப்பனுக்குப் பின் மகனாக நாற்பது வருஷம் அந்த வீட்டார் பிடித்த கொம்பு. மூன்று திருவிழாக்களை அங்கமுத்து கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தார்.

நாலாவது திருவிழாவுக்குப் பதினோரு நாள் இருந்தது. அன்றும் திங்கட்கிழமை. தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மலையடிவாரத்து மடத்துக்குப் போனார்.

மடம் என்றால் ஓர் அறை, ஒரு விளக்கு, வடிவம்மை. அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷம் ஆயாவாக இருந்துவிட்டுக் காவி கட்டியவர் அவர். அங்கமுத்துவுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. "பெட்பேன் எடுத்த ஆயாவையா குருன்னு கும்பிடுறே?" என்று சடையப்பன் ஒருமுறை கேட்டான். அதையும் அங்கமுத்து மறக்கவில்லை.

"அம்மா, நான் என்ன பாவம் பண்ணேன்?"

மூன்று வருஷமாக அவர் கேட்பது இந்த ஒரே கேள்வி. வடிவம்மை ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அன்று கீழே கிணற்றிலிருந்து குடத்தைச் சுமந்து வந்தவர், அதை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

அங்கமுத்து வேறு மாதிரி கேட்டார். "வாரத்துல ஆறு நாளும் அதே குச்சி, அதே வெயில். ஒருநாள் ஓய்வு எடுத்துட்டு வந்தா வலி குறையணும். எனக்கு மட்டும் ஏம்மா கூடுது?"

"இப்பத்தான் கேள்வி கேட்டே" என்றார் வடிவம்மை. அதற்குமேல் பேச முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்தார். கண்ணை மூடினார்.

அங்கமுத்துவுக்குத் தன் வலி மறந்துபோயிற்று. "அம்மா! யாரையாவது கூப்பிடவா?"

அவர் கையை அசைத்து வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் நெற்றிப் பொட்டைக் காட்டினார்.

"இங்க தொடு."

"நான் எப்படிம்மா உங்களை…"

"கல்லைத் தொடுற கைதானே. தொடு."

தொட்டார். தோலுக்கு அடியில் தவளைத் தொண்டை மாதிரி ஏதோ துள்ளியது.

"நெஞ்சு வலி விட்டுருச்சு. இப்ப தலை இடிக்குது" என்றார் வடிவம்மை.

"மாத்திரை நெஞ்சுக்குத்தானே?"

"மாத்திரைக்கு அது தெரியாது. ரத்தக்குழாயைக் கண்டா விரிச்சு விடும். நெஞ்சுல விரிஞ்சா எனக்கு உயிர். தலையில விரிஞ்சா வலி. அந்தக் குழாயைச் சுத்தி நரம்பு பின்னிக் கிடக்கு. குழாய் உப்பினா நரம்பு அலறும். அலறுற நரம்பு சும்மாவும் இருக்காது. தன் பங்குக்கு ஒரு நீரைக் கக்கும். குழாய் இன்னும் உப்பும்."

அங்கமுத்து தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தார். அங்கேயும் அதே துள்ளல்.

"இந்த மாத்திரையில என்ன இருக்குன்னு பெரிய டாக்டர் ஒருநாள் சொன்னார். உன் குச்சியில பாறையைப் பிளக்குற எண்ணெய் இருக்கே, அதுல ஊசிமுனை அளவு."

அங்கமுத்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். பிசுக்கு மின்னியது.

"முதல் வாரம் தினமும் போட்டேன், தினமும் தலை வெடிச்சுது. அப்புறம் உடம்பு பழகிருச்சு. நடுவுல நாலு நாள் நெஞ்சு சும்மா இருக்கும், மாத்திரையை விட்டுருவேன். திரும்பப் போட்டா, முதல்நாள் மாதிரியே வெடிக்கும்."

"ஞாயித்துக்கிழமை…" என்றார் அங்கமுத்து.

"நீ ஒருநாள் விடுறே. உடம்பு பழக்கத்தை மறந்துருது."

"மத்தவங்களும் குச்சியைத் தொடுறாங்களேம்மா?"

"அவங்களுக்கும் கனக்கும். சொல்ல மாட்டாங்க, உனக்கு வந்த பேரு அவங்களுக்கும் வந்துரும். உங்கம்மாவுக்குத் தலைவலி உண்டா?"

"மாசத்துல மூணு நாள் இருட்டுல படுத்துக் கிடப்பா. ஒத்தைத் தலைவலி."

"அவங்க தலைதான் உனக்கு. ஞாயித்துக்கிழமை என்ன சாப்பிடுவே?"

"கருவாட்டுக் குழம்பு. மூணு மணிக்கு மேலதான் சோறு."

"பட்டினியும் கருவாடும் பின்னால நின்னு தள்ளுது. குச்சி முன்னால நின்னு இழுக்குது."

அங்கமுத்து அழுதார். குடிக்காத மனிதர்தான். ஆனால் ஊரே சொன்னபோது, தனக்குத் தெரியாமல் ஏதோ செய்கிறோமோ என்று மூன்று வருஷம் தன்னையே சந்தேகப்பட்டவர். அழுது முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இப்பவே போய் அவன் சட்டையைப் பிடிச்சுச் சொல்றேன்."

"சொன்னா நம்புவானா?"

"மாட்டான்."

"அப்ப சொல்லாதே."

அடுத்த திங்கட்கிழமை காலையில் வடிவம்மை ஒரு பானை மோரோடு குவாரிக்கு வந்தார். கூடவே திருவிழாவை நடத்துகிற ஊர்ப் பெரியவர் தருமலிங்கமும் வந்தார். அம்மா கூப்பிட்டதால் வந்தார், எதற்கென்று அவருக்குத் தெரியாது.

அங்கமுத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குக் குச்சியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"அதுக்குள்ள ஆரம்பிச்சிருச்சா? மணி எட்டுகூட ஆகலையே!" என்றான் சடையப்பன். எல்லோரும் சிரித்தார்கள்.

"மேஸ்திரி, இன்னைக்கு நீங்க கெட்டிச்சுக் காட்டுங்களேன். அவர் பார்த்துக் கத்துக்கட்டும்" என்றார் வடிவம்மை.

"இதென்ன பெரிய வித்தையா? மேஸ்திரி ஆகுறதுக்கு முன்னால பத்து வருஷம் எனக்கு இதுதாம்மா வேலை."

"நேத்து குடிச்சீங்களா?"

"அம்மா! என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது? நேத்து கிருத்திகை, விரதம்மா. பச்சைத்தண்ணிதான்."

"பெரியவர் காதுல விழட்டும்னு கேட்டேன்."

முப்பது துளைகள். சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். வேலைக்காரன்தான், அதை இல்லையென்று சொல்ல முடியாது. கை வேகமாக ஓடியது. வேர்த்தபோதெல்லாம் அதே கையால் நெற்றியைத் துடைத்தான்.

எட்டாவது துளையில் கிண்டலை நிறுத்தினான். பதினைந்தாவதில் முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. இருபதாவதில் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு லாரிக்குப் பின்னால் ஓடினான். அவன் வாந்தியெடுத்த சத்தம் குவாரி முழுக்கக் கேட்டது.

கல் சுமக்கிற ராக்கம்மா கூடையை இறக்கினாள். "என்ன மேஸ்திரி, நேத்து எந்தக் கடை?"

"பாட்டிலா, பாக்கெட்டா?" என்றாள் இன்னொருத்தி.

"விடுங்கடி, ஞாயித்துக்கிழமை லீவுதானே! லீவுன்னா குடிதானே!"

மலையே சிரித்தது. மூன்று வருஷமாக அங்கமுத்து காத்திருந்த சிரிப்பு. ஒரு சொட்டும் சிந்தாமல் கடைசிவரை கேட்டார்.

வடிவம்மை மட்டும் சிரிக்கவில்லை. சடையப்பனை மரத்தடிக்குக் கூட்டிவந்து, கையைக் கழுவச் செய்து, ஈரத்துணியைத் தலையில் சுற்றினார். துடிக்கிற பொட்டைத் தன் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார்.

"குடிச்சியா?"

"சத்தியமா இல்லம்மா."

"நம்புறேன்" என்றார்.

சிரிப்பு நின்றது. அந்த ஒரு சொல் குவாரியில் எல்லோருக்கும் கேட்டது. சடையப்பனுக்கும் கேட்டது. கண்ணைத் திறக்காமல் கிடந்தான்.

தருமலிங்கம் தொண்டையைச் செருமினார். அங்கமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை குளிச்சு முழுகி வந்துருப்பா. முன்பக்கம், வலது கொம்பு."

வெள்ளிக்கிழமை பிற்பகல் அம்மன் புறப்பட்டாள். கொம்பு தோளில் இறங்கியதும் அங்கமுத்துவுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. மேளம் காதைப் பிளந்தது. வெயில் கொளுத்தியது. நெற்றிப் பொட்டில் ஒரு துள்ளல் இல்லை. கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. தெருவுக்குத் தெரு ஜனங்கள் அம்மனைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். ராக்கம்மா ஒரு குடம் தண்ணீரை அவர் காலில் ஊற்றி, "இந்தக் கொம்புக்கு இந்தத் தோள்தான்யா" என்று சத்தமாகச் சொன்னாள். சடையப்பன் தன் வாசலில் தேங்காய் உடைத்தான். அங்கமுத்து பக்கத்தில் வந்ததும் குனிந்து தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

மலையடிவாரத்தில் பல்லக்கை இறக்கி வைத்தார்கள். மடத்துத் தாழ்வாரத்தில் வடிவம்மை உட்கார்ந்திருந்தார். அங்கமுத்து வேர்வை வழிய வந்து எதிரே வெயிலில் நின்றார்.

"ஊரே பேசிருச்சும்மா. பெரியவர் பேசிட்டார்."

"ம்."

"துளை போடுற வேலைக்கு மாத்திக் கேட்டேன். சடையப்பன் மாத்திக் கொடுத்துட்டான், முகத்தைப் பார்க்காம."

"ம்."

"'தப்பாச் சொல்லிட்டேன்'னு ரெண்டே வார்த்தை. இன்னும் சொல்லலை. அது எனக்கு வர வேண்டியது."

"வர வேண்டியதுதான்."

அங்கமுத்து தடுமாறினார். "விட்டுருன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"உனக்கு வர வேண்டியதை நான் எப்படி விடச் சொல்ல?"

"அப்படின்னா அவன் வாயிலிருந்து வர்ற வரைக்கும் நிப்பேன்மா. எத்தனை வருஷம் ஆனாலும் நிப்பேன்."

வடிவம்மை தாழ்வாரத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார்.

"நில்லு. நிழல்ல நில்லு."