கடப்பாரையும் கறிவிருந்தும்

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணிப் பக்கம் தெருவெல்லாம் கறிவாசனைதான். முறை வந்தவர் மொய்விருந்து வைப்பார், சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. எழுதியவர் வீட்டில் விருந்து வரும்போது திருப்பிச் செய்தால் போதும்; அதற்கு வருஷக்கணக்காகும்.

இந்த ஆடியில் மாவு மில் நடத்தும் செல்லக்கண்ணுவின் முறை. மகளின் ஆபரேஷனுக்காக, வட்டிக்கு விடும் கார்மேகத்திடம் அவள் மூன்று லட்சம் கடன் வாங்கியிருந்தாள். கடைத்தெருவில் இருக்கும் மில் இடத்தின் பத்திரம் அடமானமாக அவன் பீரோவில் கிடந்தது. வட்டியை அவள் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. "அசலுக்கு என்னம்மா அவசரம்?" என்று சிரித்தபடியே அவன் வாங்கிக்கொள்வான்.

விருந்துப் பத்திரிகை ஊருக்குள் போன மறுநாள், கார்மேகம் இரண்டு ஆட்களோடு மில்லுக்குள் நுழைந்தான். கடப்பாரை மோட்டார்மேல் இறங்கியது. தடுக்கப் போன வேலையாள் இருளப்பனின் முழங்கை முறிந்த சத்தம் செல்லக்கண்ணுவுக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் மாவுக் குவியலில் குப்புற விழ, மாவு ரத்தத்தில் குழைந்தது. அவள் எடைக்கல்லைத் தூக்கி ஒருவன் மண்டையில் போட்டாள். இன்னொருவன் அவள் முடியைப் பிடித்து இழுத்துத் தூணில் மோதினான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. அடிபட்டவன் வெறிபிடித்துக் கடப்பாரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

"டேய், செவுத்துல கை வைக்காதடா," என்றான் கார்மேகம்.

புகார் கொடுக்கப் போன இடத்தில் சமாதானமாகப் போகச் சொன்னார்கள். வீங்கிய முகத்தோடே செல்லக்கண்ணு விருந்தை நடத்தினாள். கடைசிப் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மொய்யை எண்ணியாயிற்று. கடனை அடைத்தால் மோட்டாருக்கு மிஞ்சாது. மோட்டார் வாங்கினால் கடன் அப்படியே நிற்கும்.

"என் கைய ஒடச்சவனுக்கா காசு குடுக்கப் போறீங்கக்கா? மொதல்ல மோட்டார வாங்குங்க. மில்லு ஓடுனாத்தான் நமக்குச் சோறு," என்றான் மாவுக்கட்டோடு நின்ற இருளப்பன்.

"இருக்கறத எடுத்துக்கிட்டுத் திருப்பூர் போயிடுவோம் புள்ள. உசுரு மிஞ்சுனா போதும்," என்றான் கணவன் ரெங்கையன்.

அடித்தவன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதா என்று செல்லக்கண்ணுவுக்கும் நெஞ்சு கொதித்தது. ஆனால் ஒரு விஷயம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. பணம் வரப்போகிற நேரத்தில் அவன் ஏன் அடித்தான்?

நீங்களே சொல்லுங்கள். மில்லை ஓட்டுவதா, ஊரைவிட்டு ஓடுவதா, கடனை அடைப்பதா? எது சரி?

*

கடனை அடைப்பதுதான் சரி, அதுவும் அந்தப் பந்தலிலேயே. மோட்டாரை உடைத்தவன் சுவரை மட்டும் காப்பாற்றினான் என்றால், அவன் கண் பணத்தில் இல்லை, இடத்தில். மொய்யில் அசல் அடைந்துவிடுமே, அந்தப் பணம் மோட்டாருக்குப் போகட்டும் என்றுதான் கடப்பாரையைத் தூக்கினான். பத்திரம் கைக்கு வந்தால் அதைக் காட்டி வங்கியில் மோட்டாருக்குக் கடன் கேட்கலாம். மொய்யைத் திருப்ப வருஷங்கள் இருக்கின்றன. செல்லக்கண்ணு ஆள் அனுப்பி அவனை வரவழைத்தாள். "அசலும் வட்டியும் இந்தா இருக்கு. பத்திரத்தக் குடு," என்றாள். அவன் அவளை அறையக் கை ஓங்கினான். பந்தியில் இருந்த அத்தனை பேரும் எச்சில் கையோடு எழுந்தார்கள். அவள் பிழைத்துக் கிடந்தால்தானே அவர்கள் எழுதிய மொய் திரும்பி வரும். ஓங்கிய கை இறங்கிப் பணத்தை வாங்கிக்கொண்டது. இலை எடுப்பதற்குள் பத்திரம் வந்து சேர்ந்தது.