மூன்று மீட்டருக்கு எங்கே போவது?

பெண்கள் விடுதிக்கு வயரிங் வேலை பார்க்க வந்த பேச்சியம்மாளை, "பொம்பளைக்குக் கரண்டைப் பத்தி என்ன தெரியும்?" என்று விடுதி முதலாளி சிகாமணி அத்தனை மாணவிகள் முன்னாலும் கேவலப்படுத்தினார். அவள் செய்த குற்றம், ஷவருக்குப் பக்கத்தில் ஹேர் டிரையருக்கு பிளக் பாயிண்ட் வைக்க மாட்டேன் என்றதுதான். "ஈரக் கையோட தொட்டா உயிர் போயிடும் சார். மூணு மீட்டராவது தள்ளி வைக்கணும், அதான் விதி" என்றாள்.

"சரி, மூணு மீட்டர் தள்ளியே வை. ஆனா பாத்ரூமுக்குள்ளதான் இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள முடிக்கலைன்னா இந்த ஊர்ல உனக்கு எவனும் வேலை தர மாட்டான்!"

பாத்ரூமின் மொத்த நீளமே இரண்டு மீட்டர். பேச்சியம்மாள் ஷவரிலிருந்து டேப்பால் அளந்தாள். எதிர்ச்சுவருக்கு அந்தப் பக்கம் சிகாமணியின் ஏசி அறை. நேரே உள்ளே போய், அவர் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டாள்.

"என் ரூம்ல என்னம்மா கிறுக்குறே?" என்று எகிறினார் சிகாமணி. வாசலில் மாணவிகள் கூடிவிட்டார்கள்.

"நீங்க கேட்ட பிளக் பாயிண்ட்தான் சார். மூணு மீட்டர் இங்கதான் வருது. நடுச்சுவரை இடிச்சிட்டா இதுவும் பாத்ரூம்தான். இடிக்கட்டுமா, இல்ல பொண்ணுங்க ரூம்ல கண்ணாடிக்குப் பக்கத்துல வைக்கட்டுமா?"