நாலு மணங்கு மகாராஜா

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரத்தை ஏற்றி, கையால் அணைத்துச் சொல்லத் தயார். கூட்டிச் சொல்கிற பழக்கம் நம் பரம்பரையிலேயே கிடையாது. சில இடங்களில் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். அதுவும் கேட்பவர்கள் மிரண்டுவிடக் கூடாதே என்றுதான்.

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வரக்கூடிய ஒரு ராஜ்யத்தில், கஜேந்திர பூபதி என்றொரு ராஜா இருந்தார். ஆற்றுக்கு இந்தக் கரையில் அவர். அந்தக் கரையில் இன்னொரு ராஜா. அக்கரை ராஜா மகளுக்குக் கல்யாணம் என்று ஓலை வந்தது.

"யானையில் போவதென்றால் எவனும் போவான்," என்றார் கஜேந்திர பூபதி. "நாம் ஆகாய மார்க்கமாகப் போய்ப் பந்தல் வாசலில் இறங்க வேண்டும். கோட்டையைத் தகர்க்கக் கல்லை எறியும் பொறி உண்டு. ராஜாவை எறிய ஒரு பொறி கூடாதா?"

சபையில் இருந்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள். ஆகவே, "ஆஹா!" என்றார்கள்.

"இதற்கென்றே பிறந்தவர் ஒருவர் இங்கே இருக்கிறாரே, மகாராஜா," என்றார் தலைமை மந்திரியான பிரதானி திருவேங்கடநாதர். "நம் விகடகவி பிச்சாண்டி."

பிரதானி முருங்கைக்காய் மாதிரி ஆள். பிச்சாண்டியின் பேச்சுக்கு ராஜா ஒருமுறை சிரித்தால், இவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு உடம்பில் ஒட்டாது. ராஜாவோ தினமும் சிரிப்பார்.

"பௌர்ணமிக்குள் பொறி நிற்க வேண்டும், பிச்சாண்டி," என்றார் ராஜா. "நின்றால் கேட்டது கிடைக்கும். நாம் அக்கரை போய்ச் சேராவிட்டால் உனக்குக் கழுமரம்."

"உத்தரவு மகாராஜா. எறிகிற பொருளின் எடை தெரிந்தால் போதும்."

பிரதானி பல்லைக் காட்டினார். "அது ஊரறிந்த விஷயமாயிற்றே! நாலு மணங்கு. வருஷா வருஷம் துலாபாரத்தில் நானே நிறுத்து அறிவிக்கிறேன். பட்டாபிஷேக நாளிலிருந்து ஒரு பலம் எடைகூட ஏறவில்லை."

"இறங்கவும் இல்லை," என்றது சபை.

பட்டாபிஷேகத்தன்று ராஜாவுக்கு வயது பதினாலு. அன்றைக்குப் பல்லக்குத் தூக்க நாலு பேர். இப்போது பன்னிரண்டு பேர். பல்லக்குக்கு வயசாகிறது, மரம் கனக்கிறது என்று அரண்மனை வைத்தியர் காரணம் சொல்லியிருந்தார். துலாபாரத் தட்டில் எவ்வளவு வெல்லம் ஏறினாலும் பிரதானி கூவுவது நாலு மணங்குதான். மிச்ச வெல்லம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் வீட்டிலெல்லாம் அன்றைக்குப் பாயசம். மகாராஜா கனத்துவிட்டார் என்று எவன் வாய் திறந்தாலும் கழுமரம் என்று சட்டமும் உண்டு. எழுதியவர் பிரதானி.

பிச்சாண்டிக்குக் கண்ணி நன்றாகவே தெரிந்தது. உண்மை எடையைச் சொன்னால் கழுமரம். நாலு மணங்குக்குப் பொறி செய்தால், ராஜா ஆற்றில் விழுவார், அதற்கும் கழுமரம். மரம் ஒன்றுதான், போகிற வழிதான் இரண்டு.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தார். அவர் மனைவி பேச்சியம்மை துலாவில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். நீண்ட கழி, ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் சால், மறு முனையில் அம்மிக்கல் போல ஒரு கல்.

"என்னங்க, இஞ்சி தின்ன மூஞ்சியா உக்காந்திருக்கீங்க?"

"ராஜாவைத் தூக்கி எறியணுமாம்."

"நல்ல காரியம்தானே! ஊரே சேர்ந்து செய்ய வேண்டியதை உங்க ஒருத்தர் தலையில கட்டிட்டாங்களா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசு, பேச்சி. வெடிமருந்து வைத்து எறியலாம். போய்ச் சேருவது நிச்சயம், எத்தனை துண்டாகச் சேருவார் என்பதுதான் தெரியாது. மாட்டு நரம்பைக் கயிறாக முறுக்கி எறியலாம். பனி பட்டால் முறுக்கு தளர்ந்துபோகும்."

சிரித்ததில் பேச்சியம்மைக்குக் கை நழுவியது. சால் அப்போதுதான் தண்ணீரைத் தொடப்போனது. மறுமுனைக் கல் தொப்பென்று இறங்க, துலா விருட்டென்று எழ, வெறுஞ்சால் கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கூரையில் குந்தியது.

"எவடி அவ, பட்டப்பகல்ல சாலை எறியறவ!" என்று கூரைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

பிச்சாண்டி எழுந்தார். வேறொரு சாலைக் கட்டி, நிறையத் தண்ணீர் மொண்டு, கையை விட்டார். அது பறக்கவில்லை. சோம்பேறி மருமகன் மாதிரி அசைந்து எழுந்து, பாதியிலேயே நின்றுவிட்டது.

"பேச்சி, கல் ஒன்றுதான், கழி ஒன்றுதான். வெறுஞ்சால் கூரைக்குப் போகிறது, நிறைசால் கிணற்றைத் தாண்டவில்லை."

"இதைத் தெரிஞ்சுக்க ஒரு சால் போச்சா? போய்ப் புதுசு வாங்கிட்டு வாங்க."

மறுநாள் முதல் ஆற்றங்கரையில் வேலை நடந்தது. பனைமரத்தை விட நீளமான உத்தரம், அச்சில் பொருத்தியது. குட்டைப் பக்கத்தில் கருங்கல் நிரப்பிய பெட்டி. நெட்டைப் பக்கத்தில் தோல் கவண். பெட்டி விழுந்தால் கவண் சுழன்று எறியும். பிச்சாண்டி ஒவ்வொரு கல்லையும் நிறுத்துப் போட்டார். கணக்கு நாலு மணங்குக்கு. ஒரு பலம் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிரதானி தினமும் வந்து பார்த்து, திருப்தியோடு திரும்பிப் போனார்.

பௌர்ணமியன்று ராஜா, சபை, ஊர் எல்லாம் கரையில். நாலு மணங்குக் கல் ஒன்றைக் கவணில் வைத்து பெட்டியைப் பிடித்திருந்த முளையைத் தட்டினார்கள். கல் ஆற்றைத் தாண்டி, அக்கரையில் பந்தல் வாசலில் போய் இறங்கியது. இறங்கிய இடத்தில் கிணறு வெட்டினாற்போல ஒரு பள்ளம்.

"பூமாதேவியே தாழ்ந்து வணங்குகிறாள்!" என்றார் பிரதானி.

ராஜா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பிச்சாண்டி குறுக்கே வந்து கும்பிட்டார்.

"மகாராஜா உண்பதை ஒருவர் முன்னால் உண்கிறார். மகாராஜா ஏறும் குதிரையில் ஒருவர் முன்னால் ஏறுகிறார். மகாராஜா பறக்கும்போது மட்டும் ஒருவர் முன்னால் பறக்க வேண்டாமா? இது அரண்மனை வழக்கமாயிற்றே."

"நியாயம்," என்றார் ராஜா. "யாரை எறியலாம்?"

"பொறி நாலு மணங்குக்குச் செய்தது. நாலு மணங்கு ஆள்தான் வேண்டும்."

சந்தைத் தராசு வந்தது. அதுவரை வயிற்றை எக்கிக்கொண்டே வாழ்ந்த சபையோர் அன்றைக்குத்தான் தாராளமாக மூச்சு விட்டார்கள். தளவாய் உட்கார்ந்தார், தட்டு தரையில் இடித்தது. முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். வைத்தியர், புரோகிதர், கவிராயர், எல்லோரும் கனம். கடைசியாகப் பிரதானி. இடுப்பில் உடைவாள், மடியில் வெற்றிலைப்பெட்டி, சட்டைக்குள் எதற்கோ ஒரு அம்மிக்குழவி.

"பிரதானியாரே, அது எதற்கு?"

"பழக்கம்," என்றார் அவர்.

எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்கள். முள் நேராக நின்றது. நாலு மணங்கு.

"அடடா! மகாராஜாவின் எடைக்கு ராஜ்யத்தில் ஒரே ஒருவர்!" என்று பிச்சாண்டி அவரை அணைத்துக் கவணருகே நடத்தினார். பிரதானி அக்கரைப் பள்ளத்தைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். முளைக்கு மேல் ஓங்கியிருந்த சுத்தியைப் பார்த்தார்.

"நிறுத்துங்கள்! நான் மகாராஜாவுக்கு ஈடாக மாட்டேன்!"

"அந்தஸ்தில் இல்லைதான். எடையில் ஈடுதானே?"

"இல்லை! மகாராஜா நாலு மணங்கு இல்லை! பத்து! பத்துக்கும் மேலே!"

ராஜாவின் முகம் சிவந்தது.

"பிச்சாண்டி, இது உண்மையா?"

"அதை நான் சொன்னால் கழுமரம், மகாராஜா. தராசு சொல்லட்டும். தராசைக் கழுவில் ஏற்ற முடியாது."

ராஜா தட்டில் உட்கார்ந்தார். எதிர்த்தட்டில் கல் ஏறியது. நாலு. ஆறு. எட்டு. பத்தில்தான் ராஜா தரையை விட்டு மெல்ல எழுந்தார். அங்கே உட்கார்ந்தபடியே ஆற்றைப் பார்த்தார்.

"நான் எதுவரை போயிருப்பேன்?"

"நடு ஆறு வரைக்கும், மகாராஜா. அங்கே முதலைகள் உண்டு. அவை நம் சட்டத்தைப் படித்ததில்லை. எடையை உள்ளபடியே எடுத்துக்கொள்ளும்."

ராஜாவுக்கு முதலில் மீசை ஆடியது. பிறகு தொந்தி. பிறகு தராசு. சங்கிலி அறுந்து கீழே விழுந்தும் சிரிப்பு நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சட்டப்படி பிரதானியைக் கழுவேற்ற வேண்டுமே," என்றார்.

"வேண்டாம், மகாராஜா. இருபது வருஷத்தில் முதல் தடவையாக உண்மை பேசியிருக்கிறார். முதல் உண்மைக்கே கொன்றால் இரண்டாவது யாரிடமிருந்து வரும்? எடையைச் சொன்னவர் கொஞ்சம் சுமந்தும் பார்க்கட்டும்."

அன்றிலிருந்து பல்லக்குக்குப் பதின்மூன்று பேர். சட்டம் கிழிக்கப்பட்டது. அந்த வருஷத் துலாபாரத்து வெல்லம், பத்து மணங்கும், ராஜாவின் கழுத்து முத்துமாலையோடு பிச்சாண்டி வீட்டுக்கு வண்டியில் வந்தது. பேச்சியம்மை மாலையை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் புதுச்சால் வாங்க ஆள் அனுப்பினாள்.

ராஜா கல்யாணத்துக்கு ஓடத்தில் போனார். ஏறுமுன் ஓடக்காரன் தயங்கித் தயங்கி எடை கேட்டான். "பத்து," என்று ராஜாவே சொன்னார். ஓடம் பத்திரமாக அக்கரை சேர்ந்தது.

கற்பூரம் அணைவதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ராஜ்யத்தில் ஆறே கிடையாது; பக்கத்து ராஜாவின் அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம்.